வெள்ளை மண் பொட்டலம்

விருத்தாசலம்
12.6.2005

என் அருமை நாத்தனார் சிவசங்கரிக்கு அண்ணி ஆராயி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் நம் வீட்டு ஆடுகள் இரண்டும் சுகம். அங்கே உன் வீட்டுக்காரர் அன்புச்செல்வன் தம்பியும் உன் மாமியாரும் எப்படி என்று கடைசியில் கேட்கிறேன். முதலில் உன் வயிற்றில் இருக்கிறவர் எப்படி இருக்கிறார் என்று எழுது.

நீ தெரு முனை பூத்துக்குப் போன் போட்டுச் சொன்னதை உன் அண்ணன் நான் வேலை பார்க்கிற பொம்மை யூனிட்டுக்கே ஓடி வந்து சொன்னார். சூளைக்கு விறகு சுமக்கிற மனுஷன், ஓடி நான் பார்த்ததே இல்லை. அப்போது நான் பிள்ளையார் பொம்மைக்குக் காது ஒட்டிக்கொண்டிருந்தேன். சேதி கேட்டதும் கை தவறி ஒரு காது முதுகில் போய் ஒட்டிக்கொண்டது. மேஸ்திரி வந்து, "ஏம்மா ஆராயி, இது எந்த ஊரு புள்ளையாரு?" என்றார். "எனக்கு மருமவன் வரப்போறான், ஒரு புள்ளையாருக்குக் காது முதுகுல இருந்தா ஒண்ணும் ஆயிடாது" என்றேன். பக்கத்து மேசை நீலாவதியெல்லாம் சிரித்துச் சிரித்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

கல்யாணமாகி ஆறு வருஷம். முன்னே இரண்டு தடவை மூன்றாம் மாதத்தில் நழுவிப் போனதையே நினைத்துக்கொண்டு உட்காராதே. போனது போகட்டும். இந்த முறை நீ நகரக் கூடாது, இருமக் கூடாது, உன் வீட்டுக்காரன் சொல்கிற மொக்கை ஜோக்குக்குச் சிரிக்கவும் கூடாது. குடம் தூக்காதே. அந்த ஊர் நர்சைப் பார்த்து அட்டை போட்டுக்கொள், ஊசி போட்டுக்கொள். முருங்கைக்கீரை கிடைத்தால் விடாதே.

அம்மா இல்லாத பெண் நீ. அந்த இடத்தில் நான் இருக்கிறேன். உனக்கு வாய்க்கு என்ன பிடிக்கிறதோ, கூச்சப்படாமல் எழுது. நிலாவைத் தவிர எதுவானாலும் அனுப்பி வைக்கிறேன்.

நாலாம் வகுப்பு படித்த கை. பிழை இருந்தால் சிரித்துக்கொள், வயிற்றுக்கு நல்லது.

உன் அண்ணி
ஆராயி

*

திருப்பூர்
30.6.2005

அன்புள்ள அண்ணிக்கு சிவசங்கரியின் வணக்கம். உங்கள் கடிதம் வந்தது. இங்கே அவரும் அத்தையும் நலம். நானும் நலம்தான், வாந்தியைத் தவிர. உங்கள் கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அண்ணன் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாரா?

காலையில் எதைப் பார்த்தாலும் குமட்டுகிறது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, நாள் முழுக்க நிற்க வேண்டும். சூப்பர்வைசரிடம் சொல்லி ஒரு ஸ்டூல் வாங்கியிருக்கிறேன். அத்தை ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் காலண்டரில் மூன்றாம் மாதம் முடிகிற தேதியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறார். சமையல்கட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த வட்டம் கண்ணில் படுகிறது.

நர்ஸ் அட்டை போட்டுவிட்டார். ரத்தம் ஒன்பது இருக்கிறதாம், பதினொன்று இருக்க வேண்டுமாம். சிவப்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்.

வாய்க்கு என்ன பிடிக்கிறது என்று கேட்டீர்கள். சிரிக்கக் கூடாது. போன வாரம் இங்கே ஒரு மழை பெய்தது. சுவர் நனைந்த வாசனை வந்ததும் நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் உங்களுக்கு யூனிட்டுக்குச் சாப்பாடு கொண்டுவரும்போது, நீங்கள் பொம்மையில் சீவிப் போடுகிற வெள்ளை மண்ணை ஒன்றிரண்டு வாயில் போட்டிருக்கிறேன். அதே நினைவாக இருக்கிறது. வேறு எதுவும் வேண்டாம் என்று தோன்றுகிறது. கொஞ்சம் கிடைக்குமா? அண்ணனுக்குத் தெரிய வேண்டாம், திட்டுவார்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
சிவசங்கரி

*

விருத்தாசலம்
9.7.2005

மண் தின்னும் மகாராணிக்கு அண்ணி எழுதுவது. கால் வலி அப்படியே இருக்கிறது, உன் அண்ணனும் அப்படியே இருக்கிறார். இரண்டுக்கும் மருந்து இல்லை. உன் வாந்தி நின்றதா?

உன் கடிதத்தை நீலாவதியிடம் சொன்னேன். அவளும் உன்னைப் போல முழுகாமல் இருக்கிறாள், உனக்கு ஒரு மாதம் முன்னே. "அக்கா, நானே தெனம் ஒரு கை அள்ளிப் போட்டுக்கிறேன், ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாள். அப்போதுதான் கவனித்தேன், அவள் மேசையில் மட்டும் சீவல் சேர்வதே இல்லை. கூட்டுகிற வேலையே இல்லாமல் சுத்தமாக வைத்திருக்கிறாள் என்று இத்தனை நாள் மெச்சிக்கொண்டிருந்தேன்.

நம் தென்றலை வயிற்றில் சுமந்தபோது நானும் திருநீற்று டப்பாவில் பாதியைத் தின்றவள்தான். அதனால் உன்னைக் கேலி பண்ண எனக்கு வாயில்லை. இருந்தாலும் பண்ணுவேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வரும். நம் தெரு தங்கதுரை அண்ணன் அங்கே சாயப்பட்டறையில் வாட்ச்மேனாக இருக்கிறாரே, அவர் மாதம் ஒரு தரம் வந்து போகிறார். அவரிடம் கொடுத்திருக்கிறேன். உள்ளே என்ன என்று கேட்டார். "திருப்பதி பிரசாதம், பிரிச்சா கண்ணு போயிடும்" என்று சொன்னேன். இது தெருவில் அள்ளிய மண் இல்லை. மிஷினில் அரைத்து, சல்லடையில் சலித்து, கல் தூசி எதுவும் இல்லாமல் எடுத்த மண். கலர் பூசுகிற பக்கம் நான் தொடவே இல்லை. சட்டியில் லேசாக வாட்டி, நறுக்கு நறுக்கென்று இருக்கிற மாதிரி செய்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு துண்டு. கடையில் தின்பண்டம் வாங்கித் தின்கிற வயிற்றுக்கு இது எவ்வளவோ மேல்.

முடித்துக்கொள்கிறேன், கடைசிப் பஸ்ஸுக்குத் தங்கதுரை அண்ணன் வாசலில் நிற்கிறார்.

ஆராயி

*

திருப்பூர்
21.8.2005

அன்புள்ள அண்ணிக்கு, இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அண்ணனும் எப்படி? தென்றல் வேப்பூரிலிருந்து வந்திருக்கிறாளா?

மூன்றாம் மாதம் தாண்டிவிட்டது. அத்தை அந்தக் காலண்டர் தாளைக் கிழித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். அன்றைக்கு முதல் தடவையாக என் தட்டில் அவரே இரண்டாவது கரண்டி சோறு போட்டார். இப்போது ஐந்தாம் மாதம். உள்ளே அசைவது தெரிகிறது. மீன் திரும்புகிற மாதிரி.

நீங்கள் அனுப்பியதைத் தகர டப்பாவில் போட்டுத் துணிகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு துண்டு என்றீர்கள். முதல் வாரம் அப்படித்தான் இருந்தேன். அப்புறம் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. மற்ற எதைத் தின்றாலும் வாந்தி, இது மட்டும் வயிற்றில் தங்குகிறது. டப்பா காலியாகப் போகிறது.

நேற்று ரத்தம் பார்த்தார்கள். எட்டுக்கு வந்துவிட்டது. நர்ஸ், "மாத்திர சாப்புடுறியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உங்களிடம் சொல்கிறேன், அதைப் போட்டால் வயிற்றைப் புரட்டுகிறது, வெளிக்குக் கறுப்பாகப் போகிறது. அத்தையிடம் சொன்னேன். "அத முழுங்காத. கொழந்த பெருத்துப் போயி ஆப்பரேசன் பண்ணிருவாங்க" என்றார். அதனால் கழிவறையில் போட்டுவிடுகிறேன்.

அடுத்த தடவை தங்கதுரை அண்ணன் வரும்போது கொஞ்சம் கூடவே அனுப்புங்கள்.

சிவசங்கரி

*

விருத்தாசலம்
16.9.2005

அன்புள்ள சிவசங்கரிக்கு அண்ணி எழுதுவது. நாங்கள் சுகம். உள்ளே நீந்துகிற மீன் சுகமா? ஆண் மீனா பெண் மீனா என்று தம்பி பந்தயம் கட்டுகிறாரா?

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. யூனிட்டில் வேலை அதிகம். கார்த்திகைக்கு அகல் விளக்கு ஆர்டர் வந்திருக்கிறது. ஒரு நாளைக்கு இத்தனை ஆயிரம் என்று மேஸ்திரி கூவுகிறார். விளக்கு விளக்காகப் பார்த்துப் பார்த்து, உன் அண்ணன் மூஞ்சியைப் பார்த்தால்கூடத் திரி எங்கே என்று தேடுகிறேன்.

திங்கட்கிழமை நர்சம்மா யூனிட்டுக்கே வந்துவிட்டது. நீலாவதி இரண்டு மாதமாகச் செக்கப்புக்குப் போகவில்லையாம். அரை மணி நேரம் நின்று எல்லோருக்கும் ஒரே சொற்பொழிவு. குடை ஒரு கையில், பை ஒரு கையில், சினிமாவில் வருகிற கலெக்டர் மாதிரி. பாதி காதில் விழுந்தது, பாதி மிஷின் சத்தத்தில் போய்விட்டது. நான் பலகை தூக்குகிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

மாத்திரையைக் கழிவறையில் போடாதே. எலுமிச்சம்பழச் சாறு குடித்துவிட்டுப் போட்டுப் பார், குமட்டாது. உன் மாமியார் சொல்கிற மாதிரி பிள்ளை பெருத்தால் பெருக்கட்டுமே, நாம் என்ன எலியா பெறப்போகிறோம்.

நாளைக்குத் தங்கதுரை அண்ணன் கிளம்புகிறார். பொட்டலம் கொடுத்திருக்கிறேன். போன தடவையை விடக் கொஞ்சம் சின்னது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆராயி

*

திருப்பூர்
10.10.2005

அன்புள்ள அண்ணிக்கு, நலம். நீங்களும் அண்ணனும் நலமா?

நலம் என்று எழுதிவிட்டேன், பழக்கத்தில். அவ்வளவு நலமாக இல்லை. வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். எங்கள் வீடு மாடியில் இருக்கிறதல்லவா, பதினாறு படி. நான்கு படிக்கு ஒரு தடவை உட்கார்ந்துதான் ஏறுகிறேன். கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. கீழ்வீட்டு அக்கா என் கையைப் பிடித்து, "என்ன சிவசங்கரி, நகமெல்லாம் சுண்ணாம்பு மாதிரி இருக்குது" என்றார்.

என் வீட்டுக்காரர் பயந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ரத்தம் ஆறரைதானாம். ஊசி போட வரச் சொல்லியிருக்கிறார்கள், பத்து நாள் தொடர்ந்து. அதிலும் ஏறாவிட்டால் ரத்தம் ஏற்ற வேண்டுமாம். குழந்தை மாதத்துக்கு ஏற்ற வளர்ச்சி இல்லை என்றார் டாக்டரம்மா. வீட்டுக்காரர் வெளியே போனதும் டாக்டரம்மா என்னைத் தனியாகப் பார்த்து, "மண்ணு, சாம்பல், அரிசி ஏதாச்சும் திங்கிறியா? மறைக்காம சொல்லு" என்று கேட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் அத்தை நின்றுகொண்டிருந்தார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அண்ணி, மண் தின்றால் ஏதாவது ஆகுமா? நீங்கள் அங்கேயே வேலை செய்கிறீர்கள், எத்தனையோ பேரைப் பார்த்திருப்பீர்கள். நீலாவதியும் தின்கிறாள் என்று எழுதினீர்களே, அவளுக்கு எப்படி இருக்கிறது? யாரிடமும் கேட்க முடியவில்லை. உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். நீங்கள் ஆகாது என்றால் இன்றைக்கே நிறுத்திவிடுவேன்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

சிவசங்கரி

*

விருத்தாசலம்
4.11.2005

அன்புள்ள சிவசங்கரிக்கு அண்ணி எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். உன் சுகத்துக்கு மணவாளநல்லூர் முருகனிடம் வேண்டுதல் எழுதிச் சீட்டுக் கட்டியிருக்கிறேன்.

உடனே எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. தீபாவளி வேலை. அப்புறம் ஓயாத மழை. யூனிட்டில் தண்ணீர் ஏறி, காய வைத்த விளக்கெல்லாம் கரைந்து பழையபடி கூழாகிவிட்டது. பத்து நாளாக வேலை இல்லை. வீட்டில் உட்கார்ந்து உன் அண்ணன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீ ஊசியை ஒரு நாள்கூட விடாதே. பேரீச்சம்பழம், கேழ்வரகு, ஆட்டு ஈரல் கிடைத்தால் சாப்பிடு. டீயைச் சாப்பாட்டோடு குடிக்காதே. இடது பக்கமாகவே படு. மண்ணையும் கொஞ்சம் குறைத்துக்கொள். இந்தத் தடவை மழையில் மண் எல்லாம் நனைந்துவிட்டது, அதனால் அனுப்பவில்லை.

நீலாவதி நன்றாக இருக்கிறாள்.

கார்த்திகை பிறந்ததும் நல்ல நாள் பார்த்து உன் அண்ணனும் நானும் வந்து வளையல் போட்டு அழைத்து வருகிறோம். கண்ணாடி வளையல் இரண்டு டஜன் வாங்கி வைத்துவிட்டேன். பச்சையும் சிவப்பும். பிரசவம் இங்கேதான். அதுவரைக்கும் பொறுத்துக்கொள்.

உன் அண்ணி
ஆராயி

*

திருப்பூர்
12.12.2005

அண்ணிக்கு சிவசங்கரி எழுதுவது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. உங்களுக்குக் காய்ச்சல் என்று அண்ணன் சொன்னார். அதனால்தான் வரவில்லை என்றார். இப்போது எப்படி இருக்கிறீர்கள்?

அண்ணன் எல்லாம் சொல்லியிருப்பார். இருந்தாலும் நானே உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

நவம்பர் பத்தாம் தேதி காலையில் வலி வந்தது. எட்டாம் மாதம்தான் தொடங்கியிருந்தது. மத்தியானத்துக்குள் பிறந்துவிட்டாள். பெண். ஒரு கிலோ இருநூறு கிராம். பிறந்ததும் அழுதாள், ரொம்ப மெதுவாக. பக்கத்துக் கட்டிலில் யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்தேன். கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். எனக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ரத்தம் ஐந்துக்கும் கீழே போய்விட்டதாம். மூன்று பாட்டில் ஏற்றினார்கள். ஒன்று அவர் கொடுத்தது, ஒன்று அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்து கொடுத்தது, மூன்றாவது யார் கொடுத்தது என்று தெரியாது. மறுநாள் சாயங்காலம் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்து வந்து காட்டினார்கள். விரலில் நகம் எல்லாம் இருந்தது. அப்போது அவள் உயிரோடு இல்லை.

பெயர் வைக்கவில்லை. வைக்கக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார்.

இப்போது வீட்டில் பேச்சு வேறு மாதிரி இருக்கிறது. "மூணும் தங்கல. இவ கர்ப்பப்பையே சரியில்ல. என் பையன் காலம் பூரா இப்படியே இருக்கணுமா?" என்று அத்தை என் காது கேட்கவே சொல்கிறார். பெருந்துறையில் அத்தையின் அண்ணன் மகள் இருக்கிறாள். அந்த மாமா இரண்டு தடவை வந்து போனார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறார். பொங்கலுக்கு அண்ணன் வரிசை கொண்டுவரும்போது என்னையும் அப்படியே அனுப்பிவைப்பதாக முடிவு. திரும்பி வருவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

என் வயிறுதான் சரியில்லையோ என்று எனக்கே தோன்றுகிறது.

உங்கள் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

சிவசங்கரி

*

விருத்தாசலம்
20.12.2005

மரியாதைக்குரிய தம்பி அன்புச்செல்வன் அவர்களுக்கு, உங்கள் மச்சான் விருத்தகிரியின் சம்சாரம் ஆராயி எழுதுவது. உங்கள் வீட்டில் எல்லோரும் நல்லபடி இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உங்க அம்மாவையும் சிவசங்கரியையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள். எதையும் விட்டுவிடாதீர்கள். கேலியும் கிண்டலுமாகவே பேசிப் பழகியவள் நான். இப்போது அப்படி வரவில்லை.

எனக்குக் காய்ச்சல் இல்லை. சிவசங்கரி மூஞ்சியைப் பார்க்கப் பயந்துகொண்டு வரவில்லை.

அவளுக்கு மண் தின்ன ஆசை வந்தது. என்னிடம் கேட்டாள். யூனிட்டில் சீவிய வெள்ளை மண்ணை வாட்டி, ஜூலையில் ஒரு பொட்டலமும் செப்டம்பரில் ஒரு பொட்டலமும் தங்கதுரை அண்ணனிடம் நான்தான் கொடுத்து அனுப்பினேன். சலித்த மண், சுத்தமானது, ஒன்றும் செய்யாது என்று நானே சொன்னேன். முதல் பொட்டலம் அனுப்பும்போது எனக்கு ஒன்றும் தெரியாது. அது சத்தியம்.

இரண்டாவது அப்படி இல்லை.

செப்டம்பர் பன்னிரண்டு, திங்கட்கிழமை, நர்சம்மா யூனிட்டுக்கு வந்தது. எங்களோடு வேலை செய்கிற நீலாவதி வாயில் மண்ணோடு மாட்டிக்கொண்டாள். நர்சம்மா எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னது இதுதான்: "ஒடம்புல ரத்தம் கொறஞ்சாதான் மண்ணு மேல ஆச வரும். ஆசைக்கு மண்ணத் தின்னா, நீங்க சாப்புடுற கீரையில, மாத்திரையில இருக்குற இரும்புச் சத்த அந்த மண்ணு புடிச்சி வச்சிக்கிட்டு ஒடம்புல சேர வுடாது. ரத்தம் இன்னும் கொறையும், ஆச இன்னும் ஏறும். புள்ள எட பத்தாமப் பொறக்கும், தாய்க்கும் ஆபத்து. சூளை மண்ணு சுத்தம்னு எவளாச்சும் சொன்னா என்கிட்ட கூட்டிக்கிட்டு வாங்க." மிஷின் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை என்று சிவசங்கரிக்கு எழுதினேன். மிஷினை நிறுத்திவிட்டுத்தான் பேசியது. எல்லாம் விழுந்தது.

அதற்கு ஐந்தாம் நாள் பொட்டலத்தைக் கொடுத்தேன். ஏன் என்று நானே என்னைக் கேட்காத நாள் இல்லை. திடீரென்று நிறுத்தினால் ஏன் என்று கேட்பாள். கேட்டால், இத்தனை நாள் நான் கொடுத்தது விஷம் என்று சொல்ல வேண்டும். கொஞ்சமாக அனுப்பிவிட்டு அப்படியே நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அக்டோபரில் அவளே எழுதிக் கேட்டாள், தின்றால் ஏதாவது ஆகுமா என்று. மூன்று வாரம் அந்தக் கடிதத்தை ஜாக்கெட்டில் சொருகிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் குறைத்துக்கொள் என்று ஒரு வரி எழுதினேன். மழை, தீபாவளி என்று சாக்குச் சொன்னேன்.

நீலாவதி அன்றைக்கே நிறுத்தினாள். மாத்திரை சாப்பிட்டாள். போன வாரம் அவளுக்குப் பையன் பிறந்தான். இரண்டே முக்கால் கிலோ. நான் போய்ப் பார்க்கவில்லை.

இதை உங்க அம்மா நன்றாகக் கேட்க வேண்டும். சிவசங்கரி கர்ப்பப்பையில் குறை இல்லை. டாக்டரம்மா என் வீட்டுக்காரரிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: "பையில ஒண்ணும் இல்ல. ரத்தந்தான் இல்ல. ரெண்டு வருசம் ஒடம்பத் தேத்தி, ரத்தத்தப் பதினொண்ணுக்குக் கொண்டாந்துட்டு அப்புறம் பாருங்க." முன்னே இரண்டு தடவை போனதும் அதனாலா என்று எனக்குத் தெரியாது. நம்பாவிட்டால் நீங்களே போய்க் கேளுங்கள். மாத்திரையை முழுங்காதே என்று அவளுக்கு யார் சொன்னார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. சொன்னவர்களுக்குத் தெரியும். என்னைப் போல அவர்களும் நல்லதென்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

பெருந்துறைப் பெண்ணைக் கட்டி வைத்தாலும் அவளுக்கும் ரத்தம் பார்க்கத்தான் வேண்டும்.

என் வீட்டுக்காரரிடம் நேற்று இதையெல்லாம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். இன்னும் என்னோடு பேசவில்லை.

குற்றம் சொல்ல ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். எந்தச் சபையில் கேட்டாலும் வந்து சொல்கிறேன். அவளை வீட்டை விட்டு அனுப்பாதீர்கள், தம்பி.

ஆராயி

*

திருப்பூர்
7.1.2006

அண்ணிக்கு,

கடிதத்தை அவர் எங்களை உட்கார வைத்துப் படித்தார். மாத்திரை என்ற இடத்தில் அத்தை எழுந்து உள்ளே போனார். அவர் படிப்பதை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அத்தை வந்து உட்கார்ந்து, மிச்சத்தையும் கேட்டார்.

அத்தை இரண்டு நாள் உங்களைத் திட்டினார். வாயில் வராத வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டரம்மா உங்கள் கடிதத்தில் இருந்ததையே சொன்னார். பெருந்துறை மாமாவுக்கு என் வீட்டுக்காரர் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாத்திரை டப்பா இப்போது அத்தையிடம் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என் கையில் வைத்து, நான் விழுங்குகிற வரைக்கும் நிற்கிறார். போன வாரம் பார்த்ததில் ரத்தம் எட்டரை.

நான் இந்த வீட்டிலேயே இருக்கப்போகிறேன். நீங்கள் எழுதியதால்தான் இருக்கிறேன். அது எனக்குத் தெரியும்.

டாக்டரம்மாவிடம் பொய் சொன்னேன். என் வீட்டுக்காரரிடமும் அத்தையிடமும் மறைத்தேன். ஒருத்தரிடம்தான் உண்மையைக் கேட்டேன், அது நீங்கள். உங்கள் கடிதம் என் கைக்கு வந்தது நவம்பர் எட்டாம் தேதி. அன்றைக்கு டப்பாவில் இரண்டு துண்டு இருந்தது. குறைத்துக்கொள் என்று எழுதியிருந்தீர்கள். ஒன்றைத் தின்றுவிட்டு, ஒன்றை வைத்தேன்.

நீங்கள் உடனே எழுதியிருந்தால் மூன்று வாரம் கிடைத்திருக்கும். அதில் அவள் பிழைத்திருப்பாளா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். சொல்ல முடியாதும்மா என்றார். பிழைத்திருக்க மாட்டாள் என்று அவர் சொல்லியிருந்தால் உங்களுக்கு வேறு மாதிரிக் கடிதம் எழுதியிருப்பேன்.

பொங்கல் வரிசையை அண்ணன் மட்டும் கொண்டுவரட்டும். நீங்கள் வர வேண்டாம். கடிதமும் போட வேண்டாம். எழுதத் தோன்றுகிற அன்றைக்கு நானே எழுதுகிறேன். அது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணனை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும்.

சிவசங்கரி